காசு கொடுத்துக் கதவு தள்ளியவன்

இங்கிலாந்துக்காரர்கள் ஓய்வெடுக்கும் முறையில் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. வாரம் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். லீவு விட்டதும் பணம் கட்டி நாரோபோட் என்ற ஒடுக்கமான படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, கால்வாய்க் கரையில் பொழுது சாயும்வரை மாடாய் உழைப்பார்கள். அதற்குப் பெயர் ஹாலிடே.

பர்மிங்காமில் இருக்கும் என் மைத்துனன் இந்தப் பழக்கத்தில் ஊறிப்போனவன். "அத்தான், சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டே வாங்க, போதும்" என்று சொல்லித்தான் என்னையும் என் மனைவியையும் படகில் ஏற்றினான். ஏற்றிய இடம் வூஸ்டர்–பர்மிங்காம் கால்வாயில், டார்டபிக் என்ற ஊருக்குக் கீழே. 1815-இல் முழுதாகத் திறந்த கால்வாய் அது. அங்கே வரிசையாக 30 லாக்குகள், அதாவது படகு ஏறும் தண்ணீர்ப் படிகள், நிற்கின்றன. இரண்டேகால் மைல் தூரத்துக்குள் படகை 220 அடி மேலே ஏற்றிவிடுகின்றன. பிரிட்டனிலேயே இதைவிட நீளமான லாக் வரிசை கிடையாது. இந்தத் தகவலை மைத்துனன் படகு கிளம்பிய பிறகுதான் சொன்னான்.

நம் ஊரில் ஸ்கூட்டர் ஓட்டவே எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். இங்கே கிட்டத்தட்ட அறுபதடி நீளமும் பதினைந்து டன்னுக்கு மேல் எடையும் உள்ள படகை, சின்னதாக ஒரு பாடம் நடத்தி, லைசென்ஸ் எதுவும் கேட்காமல் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிரேக் கிடையாது. சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். என் மனைவி சுக்கானைப் பிடித்தாள், சரியாகவே ஓட்டினாள், அதன் பிறகு அந்தப் பதவி காலியாகவே இல்லை.

எனக்குக் கிடைத்தது வின்ட்லாஸ். முட்டி மடங்கிய ஓர் இரும்புக் கைப்பிடி, அவ்வளவுதான். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த செங்கல் தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க் கதவைச் சாத்த வேண்டும். மேல் பக்கத்து ஷட்டரை வின்ட்லாஸ் போட்டுச் சுற்றித் தூக்கினால் தண்ணீர் பாய்ந்து வந்து படகை உயர்த்தும். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் சமமாகும்வரை மேல் கதவை பீமனே வந்தாலும் அசைக்க முடியாது. சமமான பிறகு, கதவின் தலையிலிருந்து கரைக்கு நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தில் பின்பக்கத்தை முட்டுக் கொடுத்துத் தள்ள வேண்டும். கால் வழுக்காமலிருக்கத் தரையில் அரைவட்டமாகச் செங்கல் வரிசை பதித்திருக்கிறார்கள். இருநூறு வருஷமாக எத்தனை பேர் இப்படிப் பின்பக்கத்தால் இங்கிலாந்தின் சரக்குப் போக்குவரத்தை நடத்தினார்களோ!

லாக்குகளின் அகலம் ஏழடிதான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிண்ட்லி என்ற பொறியாளர் சிக்கனம் பார்த்துப் போட்ட அளவு, பிறகு வந்த பல கால்வாய்களுக்கும் அதுவே சட்டமாகிவிட்டது. அதனால் படகும் அதைவிட ஒடுக்கம். உள்ளே ஒருவர் சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் எதிரே வருபவர் படுக்கையில் ஏறி உட்கார வேண்டும். அகலத்தில் இத்தனை கஞ்சத்தனம் பார்த்தும், ஒரு தடவை லாக்கை நிரப்ப ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் போகிறது. மெட்ரோ லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று பழகிய சென்னைக்காரன் நான். மூன்று பேரை ஏழடி உயர்த்துவதற்காக லாரி லாரியாகத் தண்ணீர் கீழே போவதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

கால்வாயில் யார் நண்பன், யார் எதிரி என்பதை மேலேறும்போதுதான் கற்றுக்கொண்டேன். நமக்கு முன்னால் மேலே ஏறிப் போகிறவன் எதிரி. அவன் கடந்த லாக் ஒவ்வொன்றும் நிரம்பிக் கிடக்கும். நாம் முதலில் அதைக் காலி செய்ய வேண்டும், பிறகுதான் நுழைய முடியும். எதிரே இறங்கி வருகிறவன் தெய்வம். அவன் வெளியே வரும்போதே லாக் காலியாக, கதவு திறந்து, நமக்காகத் தயாராக இருக்கும். எங்களுக்கு முதலில் வாய்த்தது எதிரி. பாதி வழியில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, துணைக்கு ஒரு நாயை மட்டும் வைத்துக்கொண்டு, தன்னந்தனியாகப் படகை இறக்கி வந்தார். அவரே ஷட்டரைத் தூக்கி, அவரே கதவைத் தள்ளி, அவரே ஓட்டினார். நான் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்து, "நல்ல வெயில்!" என்றார். தூறிக்கொண்டிருந்தது.

அடுத்த லாக்கைத் தயார் செய்ய ஓர் ஆள் முன்னாலேயே ஓட வேண்டும் என்பதால், படகுக்குக் காசு கொடுத்த நான் அத்தனை தூரத்தையும் நடந்தே கடந்தேன். உச்சியிலிருக்கும் லாக் மற்றவற்றைவிட ஆழம். ஆரம்பத்தில் அங்கே படகை அப்படியே தூக்கும் இயந்திரம் ஒன்றை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது சரிப்பட்டிருந்தால் என் இடுப்பு பிழைத்திருக்கும்.

எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் 1941 முதல் 1946 வரை 'கிரெஸி' என்ற தன் படகை இந்த உச்சியில் கட்டிப்போட்டு அதிலேயே குடியிருந்தார். கைவிடப்பட்டுக் கிடந்த கால்வாய்களைக் காப்பாற்றப் பிறந்த சங்கத்துக்கு இங்கே நடந்த ஒரு சந்திப்புதான் வித்து. அதற்குக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அவர் ஐந்து வருஷம் ஏன் நகராமல் இருந்தார் என்று மைத்துனன் கேட்டான். முப்பது லாக்கையும் ஒருதரம் எட்டிப் பார்த்திருப்பார் என்றேன்.

டார்டபிக் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: படகில் ஏறியதும் முதல் வேலையாகச் சுக்கானைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.