ஃபர்ஸ்ட் பீஸ் எங்கே?

காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, காலில் இடறும் இரும்புச் சுருள், காதை அடைக்கும் இரைச்சல். ஆனால் மேசைமேல் கிடக்கிற மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் அதில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: கேலிபரேஷன் எப்போது ஆனது, அடுத்தது எப்போது என்று. தேதி தாண்டிய கருவியால் அளந்த அளவு செல்லாது. செட்டிங் மாற்றினால், முதலில் வருகிற ஒற்றைப் பீஸைக் குவாலிட்டிக்காரர் அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாட் ஓடும். ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல் என்பார்கள். இத்தனை சடங்கும் எதற்கு? ஏதோ ஒரு வண்டியின் அடிவயிற்றில் மாட்டப்போகிற புஷ்ஷுக்கு. விலை சில ரூபாய்.

பிள்ளைகள் புஷ் இல்லையே. அதனால்தான் அவர்களுக்கு இந்தக் கெடுபிடியெல்லாம் கிடையாது.

கெடுபிடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 2019இல் தெலங்கானா இன்டர்மீடியட் வாரியம் செய்துகாட்டியது. நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ போன்ற படிப்பு அது. தேர்வுக் கணினி வேலை குளோபரீனா என்ற தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஏப்ரல் 18 அன்று முடிவு வந்தது. எழுதியவர்கள் 9 லட்சத்துக்கும் மேல். தோற்றவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். பரீட்சை எழுதிய பிள்ளைக்கு ‘ஆப்சென்ட்’. முந்தைய ஆண்டு நன்றாக மதிப்பெண் வாங்கிய பிள்ளை ஃபெயில். ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் பூஜ்யம். தாளை எடுத்துப் பார்த்தால் 99. திருத்தியவர் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை மாற்றி நிரப்பிவிட்டார், சரிபார்க்க வேண்டியவரும் பார்க்கவில்லை. மென்பொருளோ 99 இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யத்தைப் பார்த்தும் புருவத்தை உயர்த்தவில்லை. உயர்த்தும்படி அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் வாரியம் பெரிய தவறு ஏதும் நடக்கவில்லை என்று சாதித்தது. வாசலில் பெற்றோர் கதறினார்கள், போலீஸ் வந்தது. முடிவு வெளியான சில நாட்களுக்குள் 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இதற்கிடையில் மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். இன்னொரு நிறுவனத்தையும் வைத்து இணையாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று குழு சொன்னது. காக்களூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் நாளே கேட்டிருப்பான் இதை.

தோற்றவர்களின் தாள்களை மறுபடி பார்த்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேறியிருந்தார்கள். மூன்று லட்சத்தில் ஆயிரம்தானே என்று சதவீதம் போடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை அந்த ஆயிரத்தில் இருக்கமாட்டாள் என்பதுதான் அந்தக் கணக்கின் சூத்திரம்.

வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கா என்றால், அங்கேயும் இதே கூத்து. 2020இல் இங்கிலாந்தில் கொரோனாவால் பரீட்சை நடக்கவில்லை. ஆஃப்க்வால் என்ற ஒழுங்குமுறை அமைப்பு ஒரு சூத்திரம் எழுதியது. ஆசிரியர்கள் போட்ட கிரேடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கின. பள்ளியின் பழைய சரித்திரம் பிள்ளையின் தலையில் விடிந்தது. மாணவர் குறைவான வகுப்புகளில் ஆசிரியர் மதிப்பீட்டுக்கே மரியாதை என்பதால் தனியார் பள்ளிகள் தப்பின. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், நான்கே நாளில் சூத்திரம் வாபஸ். அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் பிள்ளைகளிடம் போய், எல்லாம் ஒரு பிறழ்ந்த அல்காரிதம் செய்த வேலை என்றார். வானத்திலிருந்து விழுந்ததுபோல! இலங்கையில் 2011 உயர்தரத் தேர்வில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் இசட் ஸ்கோர் என்ற ஒரே தரவரிசைக் கணக்கில் போட்டுக் கலக்கினார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் கலக்கியதைப் பிரிக்கவேண்டியிருந்தது.

நம் ஊரில் ஒன்றைப் பாராட்டியே ஆகவேண்டும். பொறியியல் கலந்தாய்வில் 200க்கு இருவர் சமமாக நின்றால் முதலில் கணிதத்தைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், இப்படியே இறங்கிப் பிறந்த தேதி வரைக்கும் போவார்கள். அதிலும் சமம் என்றால் சமவாய்ப்பு எண். கணினி தரும் பத்து இலக்க எண் அது. பெரியது யாருக்கோ அவர் முன்னே. இது அதிர்ஷ்டம்தான் என்று நேராக ஒப்புக்கொள்கிற ஒரே கணினி இதுவாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் அதிர்ஷ்டத்துக்குத் தகுதி என்று பெயர் சூட்டிக்கொண்டு திரிகின்றன.

பட்டறையில் லாட் கெட்டுப்போனால் வாங்கியவர் டெபிட் நோட் அனுப்புவார். விற்றவர் பணத்தைக் கழித்துக்கொண்டு, ஏன் கெட்டது, இனி எப்படிக் கெடாது என்று எழுதியும் கொடுக்கவேண்டும். பரீட்சையில் முறை தலைகீழ். இவர்கள் கூட்டியது சரியா என்று பார்க்க மாணவன் பணம் கட்டவேண்டும். விடைத்தாள் நகலுக்கு ஒரு கட்டணம், மறுகூட்டலுக்கு ஒரு கட்டணம், மறுமதிப்பீட்டுக்கு இன்னொரு கட்டணம். கூட்டல் தப்பியது அவர்களுக்கு, டெபிட் நோட் நமக்கு.

இப்போது சி.பி.எஸ்.இ.யின் முறை. 12ஆம் வகுப்புத் தாள்களை 2026 முதல் ஸ்கேன் செய்து திரையில் திருத்துவோம் என்று அறிவித்தது. கூட்டல் பிழை வராது, நல்லதுதான். ஆனால் அடுக்கிய நன்மைகளில் ஒன்றாக, முடிவுக்குப் பிறகு மதிப்பெண் சரிபார்ப்பே தேவைப்படாது என்பதையும் சேர்த்திருந்தார்கள். ஒரு பீஸ்கூட வெளியே வரும் முன்பே ரிஜெக்‌ஷன் தொட்டியைத் தூக்கிப் பரணில் போட்ட தைரியத்தைப் பாருங்கள்!

அதனால் ஒரு யோசனை. தேர்வு வாரிய அதிகாரிகளையும் டெண்டர் எடுத்த நிறுவன முதலாளிகளையும் மூன்று மாதம் காக்களூருக்கு அப்ரென்டிஸாக அனுப்பலாம். ஃபர்ஸ்ட் பீஸ் அளக்கக் கற்றுக்கொள்ளட்டும். பயிற்சி முடிந்து திரும்பியதும், முடிவுகளைச் சரிபார்த்து வெளியிட்டவர் இன்னார் என்று ஒவ்வொரு மதிப்பெண் சான்றிதழிலும் பொறுப்பான அதிகாரியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அச்சாகட்டும். அதற்கெல்லாம் தாளில் இடமில்லை என்பார்கள். பரீட்சை எழுதிய பிள்ளைக்கு ‘ஆப்சென்ட்’ என்று அச்சடிக்க மட்டும் இடம் இருந்ததே.