நந்தம்பாக்கத்தில் ஓர் உப்புக்காரர்

முத்துநகர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பியதும், நடுப்படுக்கைக்காரரைப் படுக்கவிடாமல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்லைடு திருத்துகிறவர் யாரென்று கேட்கவே வேண்டாம். உப்புக் கம்பெனி மார்க்கெட்டிங் மேனேஜர்தான். சென்னையில் தொழில்நுட்ப மாநாடு. காலடியில் இரண்டு பை. ஒன்றில் விசிட்டிங் கார்டு, இன்னொன்றில் மக்ரூன். எது செல்லுபடியாகும் என்று அவருக்கே தெரியும்.

அனுமதி வாங்கியதுதான் பெரும்பாடு.

“நீ போயிட்டு வந்தா உப்பு கூடுதலா விக்குமா தம்பி?” என்றார் முதலாளி.

“அப்படி உடனே விக்காது அண்ணாச்சி. ஆனா போகலேன்னா நாம பின்தங்கிருவோம்.”

“உப்பு எங்க பின்தங்கப் போகுது? அது போட்ட இடத்துலதான கிடக்கு.”

முதலாளி சொன்னது பாதி சரி. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி அளங்களில் விளைவது. ஆனால் மேனேஜரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ‘சவுத் பை சவுத்வெஸ்ட்’ விழா நடந்தபோது, அரங்கின் நடைவழிகளில் பெரிய திரைகளை வைத்தது ட்விட்டர். நாளுக்கு 20,000 ஆக இருந்த பதிவுகள் 60,000 ஆயின. இந்தக் கதையை அவர் சொல்லாத ஆண்டு பட்ஜெட் கூட்டம் கிடையாது. ட்விட்டருக்கும் கல்லுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு ஸ்லைடு உண்டு.

நந்தம்பாக்கம் வர்த்தக மையம் இவருக்குப் பழகிய இடம். தமிழக அரசு 2023 மார்ச்சில் ‘யுமாஜின்’ மாநாட்டை அங்கே தொடங்கியதிலிருந்து, இவர் கழுத்தில் ஆண்டுக்கு ஓர் அட்டை ஏறுகிறது. அட்டையில் பெயர் சிறிதாகவும் பதவி பெரிதாகவும் இருக்கும். எதிரே வருகிறவர் முதலில் அட்டையைப் படிப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார், பிறகு பெரிய கம்பெனி எதுவும் தெரிகிறதா என்று தோளுக்கு மேலே பார்ப்பார். அந்த மூன்றாவது பார்வைக்கு முன்னால் மக்ரூனை நீட்டிவிட வேண்டும். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த அந்தக் கூம்பு வாய்க்குள் கரைகிறவரைக்கும் ஆள் நகர மாட்டார். நந்தம்பாக்கத்தில் இவர் கண்டுபிடித்த ஒரே ‘எங்கேஜ்மென்ட்’ உத்தி இதுதான்.

மெய்நிகர்க் கண்ணாடி வைத்த கடை எங்கிருந்தாலும் வரிசையில் முதல் ஆள் இவர். மாட்டிவிட்டால் கடலடி: பவளம், சிப்பி, தலைக்கு மேல் ஒரு சுறா. “ஐயோ!” என்று பக்கத்து நாற்காலியைப் பிடிப்பார். மன்னார் வளைகுடாவின் கரையிலேயே பிறந்து வளர்ந்தும் கணுக்காலுக்கு மேல் கடல்நீர் படாத உடம்பு அது.

சுறாவுக்கு அவர் ஊரில் ஏற்பாடே வேறு. முத்துக்குளிப்புக் காலத்தில் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டக் ‘கடல்கட்டி’ என்றொருவர் இருந்தார். அவர் கரையில் நிற்காமல் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் பிரிட்டிஷ் அதிகாரிகளும் அவருக்குப் படியளந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, குளித்தெடுப்பதில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரர்களுக்குக் கூலி என்கிறார். அதைவிட முக்கியமான ஒன்றையும் குறித்திருக்கிறார்: கட்டு பகலுக்கு மட்டும்தான், ராத்திரியானால் அவர்களே அவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் மறுபடியும் கட்ட வேண்டும். மேடையில் ஒருவர் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தாவின் அருமையை விளக்கிக்கொண்டிருக்கும்போது நம் மேனேஜர் வாயைப் பிளந்து குறிப்பெடுக்கிறார்.

சாயங்காலம் விடுதி அறையில் கார்டுகளைக் கட்டிலில் கொட்டி எண்ணுவார். அக்காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் குவித்து ஏலம் விட்டார்கள். உள்ளே முத்தா வெறும் சதையா என்பது எடுத்தவர் தலைவிதி. 1961-ஓடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனாலும், இந்தப் பழக்கம் மட்டும் கார்டு வடிவில் தொடர்கிறது. பாதிக்கு மேல் இவருக்கே ஏதாவது விற்க வந்தவர்களின் கார்டு.

இலவசப் பொருள் என்றால் இவருக்குக் கண் பனிக்கும். அதுவும் ஊர் வழக்கம்தான். 1906 அக்டோபரில் 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று 10 லட்சம் மூலதனத்தோடு வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். கொழும்புக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும், போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்தது என்பார்கள். ‘பிராண்டு’ குடைக்கு அதைவிடப் பழைய கதை இந்தப் பக்கம் இருக்குமா என்ன!

இந்த முறை மாநாட்டுப் பையிலும் ஒரு மடக்குக் குடை இருந்தது. ஊர் திரும்பியதும் 34 ஸ்லைடு அறிக்கையோடு அதையும் பயபக்தியாய் முதலாளியின் மேசைமேல் வைத்தார். முதலாளி அறிக்கையைத் தொடவில்லை. குடையை விரித்து, மடக்கி, ஜன்னல் வழியே வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“தம்பி, மழை பெய்ஞ்சா கரைஞ்சு போற சரக்கு நம்ம சரக்கு. அளத்துக்காரன் வீட்டுக்கு எவனாவது குடையத் தூக்கிட்டு வருவானா? முதல்ல இதை வெளிய வச்சிட்டு வா.”