ஏற்காட்டுப் பாம்புக்குச் சிலோன் விலாசம்

சேலத்துப் பக்கம் பெயரை நம்பி ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. ஊருக்கு வெளியே வெள்ளை வெளேரென்று தெரிந்த கரடுகளைப் பார்த்த ஆங்கிலேயர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்று எழுதிவைத்தார்கள். கிட்டப்போய்ச் சுரண்டிப் பார்த்தால் அது சாக்கட்டியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, மேக்னசைட். பெயர் மட்டும் அசையவில்லை. மேலே, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் குடியிருப்பவர்கள் மலையாளிகள். ஓணத்துக்கு என்ன விசேஷம் என்று அவர்களிடம் கேட்டால் உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பேசுவது தமிழ். வழிவழியாகச் சொல்வதோ காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதை.

மலையும் மனிதரும் இந்தப் பாடு பட்டிருக்க, மண்ணுக்குள் இருக்கும் ஒரு பாம்பு மட்டும் தப்புமா?

ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் சென்னை ராணுவத்துக்கென்று கப்பலேறி வந்தவர். 1857-இல் வனத்துறைக்கு மாறி, 1860 முதல் 1882 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று சர்க்கார் துடித்துக்கொண்டிருந்த காலம். துரையின் உத்தியோகம் மரத்தை அண்ணாந்து பார்ப்பது. அவர் கண் போனதோ மரத்தடிக்கு. பெரணி, நத்தை, தவளை, பாம்பு என்று ஒன்றையும் விடவில்லை. அதிலும் கேடயவால் பாம்புகள் மீது அவருக்குத் தனிப் பிரியம். தென்னிந்தியாவில் அந்தக் குடும்பத்துப் பாம்புகள் பலவற்றுக்கு ஞானஸ்நானம் செய்துவைத்தவர் அவர்தான்.

கேடயவால் பாம்பு ஒரு சாது. விஷம் கிடையாது. மண்புழு தின்னும், குட்டி போடும், மண்ணை விட்டு வெளியே வர விரும்பாது. தலை கூர்மை. வால் மட்டும் வெட்டிவிட்டதுபோல மொண்ணையாக, சொரசொரப்பாக இருக்கும். அதைத்தான் கேடயம் என்கிறார்கள். இதைப் பிடிக்க வலையோ துப்பாக்கியோ உதவாது. ஈரமண்ணைக் கிளற வேண்டும், கல்லைப் புரட்ட வேண்டும், இலைக்குப்பையைக் கையால் விலக்க வேண்டும். துரையே மண்வெட்டி பிடித்தாரா என்று கேட்காதீர்கள். தோண்டுவது ஒருவர், கண்டுபிடிப்பது வேறொருவர் என்பது அந்தக் கால விஞ்ஞானத்தின் பாலபாடம். அகப்பட்ட பாம்புக்குச் சாராய ஜாடி. தோண்டியவருக்கு அதில் ஒரு மடக்காவது கிடைத்ததா தெரியாது.

சேர்வராயன் மலைப் பாம்பை 1863-இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் வெளியீட்டில் புதிய இனமென்று பெட்டோம் அறிவித்தார். பெயர் ‘ஷார்ட்டீ’. பெயரைப் பார்த்துவிட்டு, குட்டைப் பாம்பு போலிருக்கிறது என்று நினைக்காதீர்கள். குட்டைதான், ஆனால் காரணம் அதுவல்ல. ஜான் ஷார்ட் என்ற டாக்டருக்குச் செய்த மரியாதை அது. சென்னை மாகாணத்தின் அம்மை குத்தும் இலாகாவுக்குத் தலைமை வகித்தவர். காப்பி பயிரிடுவது எப்படி என்று 1864-இல் புத்தகமும் போட்டவர். நாம் தெருவுக்கு அமைச்சர் பெயர் வைப்போம், அவர்கள் பாம்புக்கு டாக்டர் பெயர் வைத்தார்கள். தெருவையும் யாரும் கேட்பதில்லை, பாம்பையும் யாரும் கேட்கவில்லை.

இதுவரை தப்பில்லை. வம்பு வந்த இடம் பாரிஸ்.

1829-இலேயே அங்கே ஜார்ஜ் குவியே என்ற மகாபண்டிதர் ஒரு கேடயவால் பாம்புக்கு ‘சிலோனிகஸ்’, அதாவது சிலோன்காரன் என்று பெயர் சூட்டியிருந்தார். அவர் சிலோனுக்கும் போனதில்லை, இந்தியாவுக்கும் வந்ததில்லை. அந்த விஷயத்தில் பாம்பும் அவருக்குச் சளைத்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து அங்கேயே வாழும் அது, கடல் தாண்டிய இலங்கையில் இல்லவே இல்லை. ரேஷன் கார்டில் ஊர் பெயரைத் தப்பாக அச்சடித்தால் தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடந்தாவது திருத்திவிடலாம். விலங்கியலில் அந்த வசதி கிடையாது. முதலில் முறையாக வைத்த பெயருக்கே முன்னுரிமை. அந்தப் பெயர் பொய் சொன்னாலும் சரி.

பின்னால் வந்த பட்டியல்காரர்கள் சிக்கனக்காரர்கள். ஜாடிகளை வரிசையாக வைத்துப் பார்த்து, ‘இதுவும் அதுவும் ஒன்றுதானே’ என்று ஏற்காட்டுப் பாம்பைத் தூக்கிச் ‘சிலோன்காரன்’ கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பொய் விலாசத்துக்கு ஒரு வாடகைக் குடித்தனம்! காப்பிச் செடிக்கடியில் சிவனே என்று புழு தின்றுகொண்டிருந்த பாம்பு, காகிதத்தில் பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்தது.

வழக்கு 2014-இல் தீர்ந்தது. ஆய்வாளர் எஸ்.ஆர்.கணேஷும் கூட்டாளிகளும் அந்தப் பழைய கோப்பைத் தூசு தட்டி, ஏற்காட்டுப் பாம்பு தனி இனம்தான் என்று ‘ஷார்ட்டீ’ பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். இந்த வேலைக்குச் சாகசம் தேவையில்லை, இடுப்பு வலியைத் தாங்கும் குணம் போதும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மழை விட்ட மண்ணில் குனிந்து, புரட்டிய கல்லைப் பழையபடியே வைத்து, கிடைத்ததைக் கையில் எடுத்துச் செதிலை எண்ண வேண்டும். வயிற்றுச் செதில் எத்தனை, வாலடிச் செதில் எத்தனை? பாதியில் யாராவது கூப்பிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து. அப்போது பார்த்துத்தான் எஸ்டேட் வழியாகப் போகிற ஆள் நிற்பார்.

“ஏனுங்க, எதாச்சும் தொலைச்சுட்டீங்களா?”

“இல்லீங்கண்ணா, பாம்பு தேடறேன்.”

“பாம்பா! நாங்க அதைப் பாத்தா ஓடறோம், நீங்க தேடறீங்களா? இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?”

கள ஆய்வாளர் பதில் சொல்லத் திணறும் கேள்வி அந்தக் கடைசிக் கேள்விதான்.

கையில் இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, “அட, இருதலைப் பாம்புங்க, இதுக்கு ரெண்டு பக்கமும் தல!” என்பார். படித்தவர்கள் சிரிப்போம். சிரிக்கும் முன் கணக்கைச் சரி பார்ப்பது நல்லது. ஊர்க்காரர் ஒரு பாம்புக்கு இரண்டு தலை என்றார். மேதைகள் இரண்டு பாம்புக்கு ஒரே பெயர் என்றார்கள், அதுவும் அவை இரண்டும் வாழாத ஊரின் பெயர். தப்பு இரண்டு பக்கமும்தான். ஆனால் ஊர்க்காரர் அதைச் சொன்னது, பாம்பு உயிரோடு நெளிவதைப் பார்த்துவிட்டு.