ஒழுகல் வேறு, கசிவு வேறு

மாயவரத்தில் எங்கள் வீட்டு மாடி அறைக்குத் தளம் போட்ட 1971 கோடையில், வீட்டுக்கு வந்த வெல்லம் முக்காலும் மொட்டை மாடிக்குத்தான் போயிற்று. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கொல்லையில் வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில் உடைத்த கடுக்காய், ஒன்றில் வெல்லம். இரண்டும் ஊறிப் புளித்து எழுப்பிய வாசனைக்குத் தெரு ஈ அத்தனையும் எங்கள் வீட்டில் குடியேறியது. நானும் தம்பியும் ஈக்களுக்குப் போட்டியாக வெல்லத் தொட்டியைச் சுற்றினோம்.

"பொங்கலுக்குக் கேட்டா ரெண்டு அச்சு. மாடிக்குன்னா மூட்டை வருது" என்றாள் அம்மா.

அப்பா வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரிதான் சொன்னார்: "பொங்கல் ஒரு நாளோட போச்சும்மா. இது உங்க பேரன் காலத்துக்கும் நிக்கணும்ல."

அன்றைக்கு வாரண்டி என்பது அவ்வளவுதான். எழுத்தில் இல்லை, முத்திரை இல்லை. பேரன் பிறக்கவும் இல்லை.

மெட்ராஸ் டெரஸ் என்று பேர். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில், சாய்கோட்டில் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்துவார்கள். அதன் மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். கடைசியில் தட்டோடு. இதில் எந்த ஒன்றும் தண்ணீரைத் தடுத்துவிடாது. தடுத்தது அடி. இரண்டு வரிசையாகக் குந்தி உட்கார்ந்த சித்தாள்கள் கையில் மரக்கட்டையை வைத்துக்கொண்டு, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடித்தார்கள். ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் பின்பாட்டு. ஒருநாள், இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம். கீழே கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு இன்றைக்கும் அந்தத் தாளத்தில்தான் வருகிறது.

அப்பாவுக்குப் பொறுமை போயிற்று. "இன்னும் எத்தனை நாள் மேஸ்திரி?"

"என்னைக் கேட்டா எப்படிங்கய்யா? கட்டையைக் கேளுங்க."

விளையாட்டுப் பேச்சில்லை. ஈரத் தளத்தில் அடித்தால் கட்டை பதியும், சத்தம் 'பொத்'தென்று இருக்கும். இறுகிய தளத்தில் கட்டை துள்ளும், சத்தம் 'டக்'கென்று மாறும். அந்த மாற்றம் வந்தால்தான் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் வைக்கோலைப் பரப்பி நாள்தோறும் நனைத்தார்கள். சுண்ணாம்பு ஆற அமர இறுகும் சாதி. காற்றிலிருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து மறுபடி கல்லாகும். மயிரிழை விரிசல்களை மழை நீர் படப் படத் தானே அடைத்துக்கொள்ளவும் செய்யும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடு. மேஸ்திரி, "அதுக்கு உசுரு உண்டு தம்பி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

முடிவில் மழைத் தூம்பின் வாயில் துணியும் களிமண்ணும் அடைத்துக் கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தினார்கள். நாங்கள் காகிதக் கப்பல் விட்டோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்பா மேஸ்திரிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பெருமூச்சு விடுபவர்கள் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் பாத்திரம் வைத்துப் பழக்கமில்லை போலும். நான்காம் ஆண்டு ஐப்பசியில் எங்கள் மாடி அறை சொட்டியது. கைப்பிடிச் சுவரோரம் அரசங்கன்று முளைத்து, வேரை நேராக உள்ளே விட்டிருந்தது. அம்மா பித்தளை அண்டாவை ஒரு மூலையிலும் ஈயச் சொம்பை இன்னொரு மூலையிலும் வைத்தாள். ராத்திரி முழுக்க இரண்டும் பேசிக்கொண்டன. சத்தம் தாங்காமல் அண்டாவுக்குள் பழந்துணியைப் போட்டாள். ஆளனுப்பியதும் மேஸ்திரி வந்தார், அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தடவினார்.

"அய்யா, இது ஒழுகல் இல்லீங்க. கசிவு."

அப்பா அண்டாவைக் காட்டினார். மேஸ்திரி அண்டாவைப் பார்க்கவில்லை.

இனி சென்னை. 1996-இல் புறநகரில் நான் கட்டிய வீட்டுக்கு கான்கிரீட் தளம். அதன் மேல் போட்ட வெதரிங் கோர்ஸ் என்கிற சுண்ணாம்பு அடுக்குக்கு என்ஜினீயர் தாளில் பொதுப்பணித்துறைக் கணக்கு எழுதியிருந்தது: செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரை. அடித்தது இரண்டே நாள். பாட்டு டிரான்சிஸ்டரில் வந்தது. இருந்தும் அது இருபது வருடம் தாக்குப் பிடித்தது. பிறகு ஓட்டுக்கு ஓடு இடைவெளி விட்டது.

2019 ஜூனில், நான் பணி ஓய்வு பெற்ற கையோடு, பெங்களூரிலிருந்த மகன் ஒரு இளைஞரை அனுப்பிவைத்தான். கையில் டேப்லட். "சார், உடைக்க வேண்டாம், அடிக்க வேண்டாம். ஓட்டு மேலயே லிக்விட் மெம்ப்ரேன். ரெண்டு நாள் வேலை, பத்து வருஷம் கேரண்டி." மெம்ப்ரேன் என்றால் பள்ளிக்கூடத்தில் சவ்வு. அவர் பையிலிருந்து வெள்ளையாக ஒரு பட்டையை எடுத்து இழுத்துக் காட்டினார். நீண்டது, நீண்டுகொண்டே போயிற்று, விட்டதும் சுருங்கியது. மூங்கில் கழியில் சுற்றிப் பள்ளிக்கூட வாசலுக்கு வரும் ஜவ்வு மிட்டாயேதான். ஐந்தாம் வகுப்பில் அதற்கு ஏமாந்தவன் ஐம்பத்தெட்டிலும் ஏமாந்தேன்.

சரக்கைக் குறை சொல்ல மாட்டேன். என் ஆயிரம் சதுர அடிக்கு மூன்று அங்குலச் சுண்ணாம்புத் தளம் என்றால் பத்து டன்னுக்குக் குறையாமல் வீட்டின் தலையில் ஏறும். இதுவோ மூன்று ஆள் எடை. குழாயைச் சுற்றி, மூலைக்குள், மேடு பள்ளத்தில் எல்லாம் ஒட்டில்லாமல் ஒரே தோலாகப் படியும். வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது கூடவே இழுபடும். வெள்ளையாக இருப்பதால் அறைச் சூடும் தணியும். ஆனால் இது தோலாக வேண்டுமென்றால் தடிமன் வேண்டும், தடிமன் வேண்டுமென்றால் வாளி வேண்டும். நான் முப்பது வருடம் கணக்கு வாத்தியார்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டரைப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். ஆறாம் வகுப்புக் கணக்கு. அந்தப் பூச்சில் நூற்றுக்கு அறுபது பங்குதான் திடம், மீதி ஆவியாகிவிடும். ஆக, காய்ந்தபின் ஒரு மில்லிமீட்டர் நிற்க என் 93 சதுர மீட்டருக்கு 155 லிட்டர், அதாவது இருபது லிட்டர் வாளி எட்டு. வந்து இறங்கியது மூன்று. காய்ந்தால் 0.4 மில்லிமீட்டர்கூடத் தேறாது. கேட்டேன்.

"சார், நீங்க மேத்ஸ் டீச்சரா?"

"ஆமாம்."

"அதான்" என்றார், எல்லாம் விளங்கிவிட்டதைப் போல.

பூசியவர்கள் பீகாரிலிருந்து வந்த மூன்று பையன்கள். வேலை தெரிந்தவர்கள். ஓட்டு இடுக்குகளைச் சுரண்டி நிரப்பினார்கள். சுவரும் தளமும் சேரும் மூலையைக் கலவையால் உருட்டி மழுப்பி, வலைத்துணியை அழுத்தி ஒட்டினார்கள். காலையில் முதல் கோட் கிழக்கு மேற்காக. மறு கோட்டை மறுநாள் வடக்கு தெற்காக அடிக்க வேண்டும் என்று வாளியிலேயே போட்டிருந்தது. மூன்று மணிக்கு சூப்பர்வைசர் போன் செய்து, உடனே அடிக்கச் சொன்னார். பையன்களில் ஒருவன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். ஜூன் வெயிலில் மேலே ஆடை கட்டிவிட்டது, உள்ளே ஈரம். "கீலா ஹை" என்று என்னிடம் தலையாட்டினான். எனக்குத் தெரிந்த இந்திக்கு அது போதும். மாயவரத்தில் கட்டையைக் கேட்டார்கள். இங்கே விரல் கேட்காமலே சொல்லியது. சூப்பர்வைசருக்கு அடுத்த சைட் இருந்தது.

தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டாமா என்றேன். இரண்டு அங்குலம் நிறுத்த 4,700 லிட்டர் வேண்டும். அது செம்பரம்பாக்கமும் செங்குன்றமும் வறண்டு வெடித்துக் கிடந்த கோடை. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. தெருவே லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்க, நான் மொட்டை மாடியில் குளம் கட்டினால் அடிக்க வந்திருப்பார்கள். "மழை வந்தா தெரிஞ்சிடும் சார்" என்றார் சூப்பர்வைசர். அவர் சொன்னதில் பலித்தது இது ஒன்றுதான்.

ஐப்பசியில் தெரிந்தது. மாடியில் பூச்சு இட்லி இட்லியாக உப்பி, நடுநடுவே வெடித்திருந்தது. கீழே படுக்கையறையில் சொட்டு. என் மனைவி காலி வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். வாளியின் மேல் குடை பிடித்த குடும்பம் ஒன்று சிரித்தபடி நின்றது, பக்கத்தில் பத்து வருட முத்திரை. பிளாஸ்டிக்கில் விழும் சொட்டுக்குச் சங்கீதம் கிடையாது. ஒரு பழைய துண்டை எடுத்து உள்ளே போட்டாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நாலாவது போனுக்கு இளைஞர் வந்தார். அண்ணாந்து பார்த்தார், சுவரில் ஈரமானியை வைத்தார்.

"சார், இது லீக்கேஜ் இல்ல. சீப்பேஜ்."

நான் வாளியைக் காட்டவில்லை. அப்பா காட்டிப் பார்த்தாயிற்றே. கேரண்டித் தாளைக் காட்டினேன். அவர் பொடி எழுத்தைக் காட்டினார்: தளம் அசைந்தால் பொறுப்பில்லை, விரிசல் விட்டால் பொறுப்பில்லை, தண்ணீர் தேங்கினால் பொறுப்பில்லை. மழை பெய்யாதவரை முழுப் பொறுப்பு. பேரனுக்கு வாக்குக் கொடுத்த மேஸ்திரி ஒரு பொடி எழுத்தும் இல்லாமல் நான்கு வருடம் தாங்கினார். இவர்கள் நான்கு மாதம்.

மறுவருடம் மார்ச்சில் எட்டு வாளி நானே வாங்கினேன். பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி மறுநாள் பிரித்தால், அடியில் முத்து முத்தாக நீர். இன்னும் காயவில்லை என்று அர்த்தம். காத்திருந்தேன். அதற்குள் ஊரடங்கு. வீட்டிலிருந்தே வேலை பார்க்க வந்து சேர்ந்த மகனுக்கும் எனக்கும் போக ஓரிடம் இல்லை. உப்பியதையெல்லாம் சுரண்டிவிட்டு, வெயில் இறங்கினபின் ஒரு கோட், மறுநாள் ஒன்றும் செய்யாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பது, அதற்கடுத்த நாள் குறுக்கே இன்னொரு கோட். நான்கு கோட்டுக்கு ஒரு வாரம் ஆயிற்று. மாயவரத்துச் சித்தாள்கள் எடுத்துக்கொண்ட அதே ஒரு வாரம். மகன் போனில் பாட்டு வைத்தான்.

அந்த ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. வாளியில் என் மனைவி கறிவேப்பிலை நட்டாள்.

சித்திரையில் மகன் தன் அறைக்கு ஏசி வாங்கினான். மாட்ட வந்த பையன் வெளிப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். பளீரென்ற வெள்ளைத் தளத்தைப் பார்த்து, "சூப்பரா வச்சிருக்கீங்க சார்" என்று மனதாரச் சொன்னான். பெட்டியை நடுவில் இறக்கினான். பையிலிருந்து டிரில் மிஷினையும் நாலு போல்ட்டையும் எடுத்து வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் தேடினான்.

"பிளக் பாயிண்ட் எங்க சார் இருக்கு?"