இரண்டாம் குத்தும் தவிடும்: குமராட்சி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள் ஒரு திரைப்படம். 2018 மே மாதம் வெளியான 'இருட்டு அறையில் முரட்டு குத்து' படத்தின் அடுத்த பாகமாக 2020 தீபாவளிக்குத் திரைக்கு வந்த 'இரண்டாம் குத்து'. இரண்டையும் இயக்கியவர் சந்தோஷ் பி. ஜெயகுமார். முதலாவதில் கௌதம் கார்த்திக் நாயகன். இரண்டாவதில் இயக்குநரே நாயகன். ஒரு பங்களா, ஒரு பேய், காய்ந்துபோன சில இளைஞர்கள், எந்த வாக்கியத்துக்கும் இரண்டு பொருள். இதற்கு மேல் கதையைச் சொன்னால் இந்தக் கட்டுரையும் தணிக்கைக்குப் போய் வர வேண்டியிருக்கும்.

ஆய்வாளன் முதலில் சந்தித்த இடர்ப்பாடு, இந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை என்பது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலையில் இருக்கும் குமராட்சியில், டீக்கடை, சலூன், உரக்கடை என்று விசாரித்தாயிற்று. ஒருவர்கூடப் பார்த்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்தினால் மீதியை மூன்று பேர் சேர்ந்து முடிக்கிறார்கள். ஏட்டில் எழுதாமல் செவிவழியாகவே காப்பாற்றப்பட்ட நூல்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். கண்ணால் காணாமல் செவிவழியாகவே பரவிய சினிமாவை இங்கேதான் காண்கிறோம்.

இனி சொல்லாராய்ச்சி. 'குத்து' என்றதும் நகரத்து ஆய்வாளர்கள் குத்துப்பாட்டை நோக்கி ஓடுவார்கள். நெல் விளையும் ஊரில் அந்தச் சொல்லுக்கு உரலும் உலக்கையும்தான் மூலம். முதல் குத்தில் உமி போகும். புடைத்துவிட்டு மறுபடி குத்தினால் தவிடு போகும். படத்தின் பெயரை மட்டும் ஒரு பாட்டியிடம் சொல்லிக் கருத்துக் கேட்டேன். படம் என்று சொல்லவில்லை. "ரெண்டாங் குத்துல அரிசி வெள்ளையா வரும்ப்பா. ஆனா பாதி நொய்யாப் பூடும். அதுக்கு மொத குத்தோட நிறுத்திக்கிட்டாத் தேவல" என்றார். இந்தப் படத்துக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் வாசித்ததில்லை.

அடுத்து மெய்ப்பாடு. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லத் தொடங்கும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அந்த நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளைஞர்கள் சிலர் தங்கள் பேதைமையால் மாட்டிக்கொள்வதையும் அவர்களை மற்றவர்கள் எள்ளுவதையும் வைத்து எடுக்கப்படும் படங்களுக்கு இதைவிடத் துல்லியமான திரைக்கதைச் சூத்திரம் ஹாலிவுட்டிலும் கிடையாது. 1999-இல் வந்த 'அமெரிக்கன் பை' படமும் அதற்கு 2001-இல் வந்த இரண்டாம் பாகமும், இந்தியில் 2004-இல் வந்த 'மஸ்தி'யும் 2013-இல் அதைத் தொடர்ந்த 'கிராண்ட் மஸ்தி'யும் இந்த நான்குக்குள் அடக்கம்.

நான்காவதான மடன்தான் நம் ஆய்வுக்கு உயிர்நாடி. பேதைமைக்கும் மடனுக்கும் என்ன வேறுபாடு என்று உரைகாரர்கள் யோசித்திருக்கிறார்கள். ஒன்றும் அறியாமல் இருப்பது பேதைமை. ஒருவர் கற்றுக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது மடன். முதல் பாகம் ஓடியது, அதைப் பிடித்துக்கொண்டார்கள், விடவில்லை. ஆக, இரண்டாம் பாகம் எடுப்பது மடன், முதல் பாகம் எடுப்பது பேதைமை என்று இலக்கண முறைப்படி நிறுவலாம்.

பேய் எதற்கு என்று ஒரு கேள்வி எழும். தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி'. ஆண்டு 1951. காரணம் காதல் காட்சி அல்ல, பேய். அதாவது, தமிழ் சினிமாவில் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற பலகையை முதலில் மாட்டியதே ஒரு பேய்தான். நடுவில் எத்தனையோ படங்கள் பேயில்லாமலே அந்தப் பலகையை மாட்டிக்கொண்டன. 67 ஆண்டுகள் கழித்து சந்தோஷ் ஜெயகுமார் அதை உரிய பேயிடம் திருப்பிக் கொடுத்தார். நன்றி மறவாமை என்று ஒன்று இருக்கிறதே.

இரண்டாம் பாகம் என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாபாரம் என்று சொல்வோர் இந்த வட்டாரத்துக்கு வந்ததில்லை. குமராட்சிக்கு அதிகத் தொலைவில்லாத திருநாரையூர், நம்பியாண்டார் நம்பி பிறந்த ஊர். சுந்தரர் பதினோரு பாட்டில் முடித்த திருத்தொண்டத்தொகையை நம்பி ஓர் அந்தாதியாக விரித்தார். அதைச் சேக்கிழார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக விரித்தார். பெரியபுராணம் அரங்கேறியது தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. (கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒப்பிடவில்லை, தொடரும் பழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்று மட்டும் காட்டுகிறேன்.) கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்குவதும் பக்கத்திலிருக்கும் வீராணம் ஏரிக்கரையில்தான். அதற்கும் சினிமாவில் 2022-இல் ஒரு பாகம், 2023-இல் ஒரு பாகம் வந்தது. அதைப் பார்த்தோம் என்று ஊரில் எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். மாமியாரைக்கூடக் கூட்டிப்போனார்கள்.

மேற்கோள் காட்டும் முறை பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். 2020 அக்டோபரில் 'இரண்டாம் குத்து' போஸ்டரைக் கண்டு பாரதிராஜா கொதித்து அறிக்கை விட்டார். இளைய இயக்குநர் பதிலுக்கு, பாரதிராஜாவே 1981-இல் இயக்கிய 'டிக் டிக் டிக்' படத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டார். முன்னோர் நூலிலிருந்தே சான்று காட்டுவது ஆய்வு நெறிதான். ஆனால் அந்த முன்னோர் உயிரோடு, அதுவும் கோபத்தோடு இருக்கும்போது காட்டலாமா என்பதற்கு நூற்பா இல்லை. பிறகு இளையவர் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு குறையைச் சொல்லாமல் தாண்டினால் ஆய்வு நேர்மை ஆகாது. இந்தப் படங்கள் பெண்களைப் பார்த்துச் சிரிக்கின்றன. பெண்களைச் சிரிக்கவைக்க நினைப்பதே இல்லை. கிராமத்துத் திருவிழாவில் கரகாட்டக்காரி பபூனுக்குத் திருப்பிக் கொடுக்கும் ஒரு பதிலுக்கு முன்னிருட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். அந்தப் பதில் சொல்லும் வாய் இந்தப் படங்களில் இல்லை. பாட்டி சொன்ன நொய் இதுதான்.

இருந்தும் ஏன் ஈர்க்கிறது? என் கருதுகோள் இது. முதல் பாகத்துக்குப் போனவனுக்கு ஒரு சாக்கு உண்டு: "பேய்ப்படம்னு நெனச்சிப் போயிட்டேன்." இருட்டு அறை என்றால் வேறு என்ன நினைப்பான்? இரண்டாம் பாகத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. முதல் தடவை விபத்து. இரண்டாம் தடவை நேர்த்திக்கடன். அந்தக் கள்ளத்தனத்துக்குத்தான் டிக்கெட் வாங்குகிறோம். படம் இலவச இணைப்பு.

களச்சான்று ஒன்று. 2020 நவம்பர் 10-ஆம் தேதிதான் கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் தியேட்டர்கள் திறந்தன. பாதி இருக்கைகளுக்கு மட்டுமே அனுமதி, முகக்கவசம் கட்டாயம். அந்தக் காலத்தில் பதினோரு மணிக் காட்சிக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நுழைந்தவர்கள் கனவிலும் காணாத வசதியை அரசாணையே செய்து கொடுத்திருந்தது. ஐப்பசி மழையில் குமராட்சியில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு தியேட்டருக்குள் மூக்குவரை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி. அதற்கு அடுத்த இருக்கையிலிருந்து வந்த இருமல் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது.

இடைவேளையில் சமோசா. முகக்கவசத்தைக் கழற்றாமல் சமோசா தின்னும் வழியை மருத்துவ உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கழற்றினேன். எதிரே கழற்றியவர் என் சித்தப்பா. ஊர்க் கோயில் திருவிழாவை முன்னின்று நடத்துபவர்.

"நீ எங்கடா இங்க?"

"ஒரு கட்டுரை எழுதணும் சித்தப்பா. ஆராய்ச்சி."

"நான் சும்மா மழைக்கு ஒதுங்குனேன்."

சமோசா தீரும்வரை இருவரும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே அவர்தான் தொடங்கினார். "மொத பாகம் அளவுக்கு இல்லல்ல?"

"ஆமா சித்தப்பா. அதுல அந்தப் பேயே நல்லாருந்துச்சு."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஒரே நேரத்தில் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டோம். ஊருக்கு அதே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவர் முன்வாசலில் ஏறினார், நான் பின்வாசலில்.