செவப்பு லைட்டுக்கு எதுக்குக் கண்ணு இத்தனை ஒப்பாரி?

என்றா கண்ணு, காத்தால இருந்து அந்த டப்பாவச் சுத்திச் சுத்தி வர்றே? மாகாளியாத்தா கோயிலச் சுத்தியிருந்தாலும் ஒரு வாழப்பழம் கெடச்சிருக்கும். போனத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போனே. பொடக்காளிக்குப் போனே. அப்பறம் கட்டுத்தறிக்குப் போயி எருமைக்கு எதுக்க நின்னு போன ஆட்டுனே. அது பாவம், வெரட்ட வந்தியோன்னு மெரண்டு போச்சு. நெட்டு வருலயா? சரி, வராட்டி என்ன, சூரியன் பாதியில நின்னு போச்சா?

கோவிச்சுக்காதே. பெங்களூருக் கம்பெனி, பத்து மணிக்கு மீட்டிங்கு, எல்லாந் தெரியும். வா, இப்படித் திண்ணையில உக்காரு. மோர் குடி. இந்தக் கெழவனுக்கு ரவுட்டரப் பத்தி என்ன தெரியும்னுதானே மொகத்தச் சுளிக்கறே? எனக்குக் கெணத்து மோட்டாரு தெரியும் சாமி. அது போதும்.

மோட்டாரு ஓடற சத்தங் கேக்குது, தொட்டியில தண்ணி உழுவுல. நாங்க என்ன பண்ணுவோம்? குழாய் வாயில நின்னு வைவோமா? மூணு பேசுலயும் கரண்டு வருதான்னு பாப்போம். அப்பறம் ஸ்டார்ட்டரு. அப்பறம் ஃபுட்வால்வு. கடைசியில கெணத்துல தண்ணி கெடக்குதான்னு எட்டிப் பாப்போம். அதத்தான் மொதல்லயே பாத்திருக்கோணும்ங்கறது வேற கதை. நீயி குழாய் வாயப் புடிச்சுக்கிட்டே நிக்கறே. உன்ற போனுதான் அந்தக் குழாய் வாயி. "வைஃபை ஃபுல்லா இருக்குது தாத்தா, நெட்டுத்தான் வருல"ங்கறே. அந்த விசிறிக் கோடு நெறஞ்சிருந்தா என்ன அர்த்தம்? போனுக்கும் டப்பாவுக்கும் சிநேகம் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். டப்பாவுக்கும் ஊருக்கும் பேச்சு இருக்குதா இல்லியான்னு அந்தக் கோட்டுக்கு எப்படித் தெரியும்?

அப்பறம் என்னமோ நம்பரு தட்டுனியே, 192.168.1.1ன்னு. மந்திரவாதியாட்ட வெரலு பறந்துச்சு. பக்கந் தொறந்துச்சா? தொறந்துச்சு. "உள்ள போயிட்டேன்"னு மார்தட்டுனே. எங்கடா போனே? அது நம்மூட்டு டப்பாவோட விலாசம். எதுத்தூட்டு டப்பாவும் அநேகமா அதே விலாசத்துலதான் உக்காந்திருக்கும். சொந்தத் திண்ணையக் கண்டுபுடிச்சதுக்கா இத்தனை கொட்டுமொழக்கு? ஆனா ஒண்ணு தெரிஞ்சுது. போனுல இருந்து டப்பா வரைக்கும் வழி சுத்தம். கோளாறு டப்பாவுல இருக்கோணும், இல்லீன்னா அதுக்கு அக்கட்டால இருக்கோணும். படிச்சவன் நீயி இதச் சொல்லியிருக்கோணும். மாடு மேய்க்கறவன் சொல்றேன்.

நீயி அடுத்து என்ன பண்ணுனே? எட்டு, எட்டு, எட்டு, எட்டுன்னு இன்னொரு நம்பரப் போட்டே. கேட்டா டி.என்.எஸ். மாத்தறேன்ங்கறே. பேரச் சொன்னா விலாசஞ் சொல்ற ஆளு, அவ்வளவுதானே அது? ரோடே அறுந்து கெடக்கறப்ப வழி சொல்றவன மாத்தி என்ன கண்ணு ஆவும்? அதுவும் பத்தாதுன்னு ஆறு கொம்பு வெச்ச புது ரவுட்டரு வாங்கறேன்னு உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தே. கொம்பு எச்சா இருந்தா மாடு எச்சாக் கறக்குமா?

டப்பாவோட மூஞ்சிய ஒருக்கா பாத்தியா? அதச் சொல்லு. சொணையா இருக்கற மாட்டுக்கும் சொணங்குன மாட்டுக்கும் மூஞ்சியிலயே வித்தியாசந் தெரியுமே. இதுக்கும் அப்படித்தான். மொதல் லைட்டு பவரு. அது எரியுலீன்னா கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை புடிக்காதே, பிளக்கப் பாரு. போன தீவாளிக்கு உன்ற சித்தப்பன் இதோட அடாப்டர எதுக்கோ கழட்டிக்கிட்டு, பரண்ல கெடந்த பழசு ஒண்ணைச் சொருகிட்டுப் போயிட்டான். ஊசி சரியாப் போயி உக்காந்துக்கிச்சு. லைட்டு எரியும், அணையும், மறுக்கா எரியும். டப்பா கெட்டுப் போச்சுன்னு ஊடே சோகமாயிருச்சு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு முதுகுல இருந்த பொடி எழுத்தப் படிச்சேன். ரெண்டும் 12 வோல்ட்டுத்தான். இதுக்கு 1.5 ஆம்பியரு வேணும், பழசு குடுக்கறது 0.5. ரெட்டை மாட்டு வண்டியில ஒரு கன்னுக்குட்டியப் பூட்டுன கதை.

நிறுத்திப் போடறது தப்பில்ல. அதுலயே பாதி நோவு தீந்துரும். ஆனா நீயி நிறுத்துன கையோட போட்டே. உள்ளாற சொட்டுக் கரண்டு தங்கியிருக்கும். அது வடிய அரை நிமிசமாவது உடோணும். போட்டதுக்கப்பறம் அது எந்திரிச்சு மூஞ்சி கழுவ ரெண்டு மூணு நிமிசம் ஆவும். அதுக்குள்ள நாலு தரம் எட்டிப் பாத்தா எப்படி? அப்பறம் அந்த ஊக்கு. ஊக்கை எடுத்துக்கிட்டுப் பின்னால இருக்கற ஓட்டையக் குத்தப் போனியே, நல்ல வேளை நாம் பாத்தேன். அது தூங்குற ஆள எழுப்பறது இல்ல, மண்டையில அடிச்சு எல்லாத்தையும் மறக்கடிக்கறது. லைனுக்காரன் போட்டு வெச்ச பேரு, பாஸ்வேடு பூராவும் போயிரும். வந்த நோவு ஒண்ணு, நீயி இழுத்து உட்டது ஒண்ணுன்னு ரெண்டாயிரும்.

இப்ப பாரு. பவரு பச்சை. அடுத்தது பான்னுங்கறாங்களே, அது நெலையா எரியோணும், எரியுல. அதுக்குப் பக்கத்துல எல்.ஓ.எஸ்.னு ஒண்ணு செவப்பா மினுங்குது. அது என்ன சொல்லுது? "எனக்கு வெளிச்சம் வருல சாமி"ங்குது. பான் நெலையா நின்னு இன்டர்நெட்டு லைட்டு மட்டும் எரியுலீன்னா பணங் கட்டுனமா, பாஸ்வேடு சரியான்னு பாக்கலாம். இது அது இல்ல. கெணத்துலயே தண்ணி இல்ல. இதத் தெரிஞ்சுக்க எத்தனை நேரமாச்சு? கழுத்தத் திருப்புற நேரம்.

வெளிச்சம் எப்படி வருதுன்னு தெரியுமா? அந்த மஞ்ச ஒயருக்குள்ளாற கம்பி கெடையாது, கண்ணாடி இழை. ஒரு மில்லிமீட்டர எட்டுப் பங்கு போட்டா ஒரு பங்கு தடிமன். சார்லஸ் காவ்னு ஒருத்தரு, ஷாங்காயில பொறந்தவரு, கண்ணாடியில இருக்கற அழுக்க எடுத்துட்டா வெளிச்சம் வெகு தூரம் போவும்னு 1966ல கணக்குப் போட்டுச் சொன்னாரு. அதுக்கு நோபல் பரிசு 2009ல குடுத்தாங்க. நாப்பத்தி மூணு வருசம் பொறுத்த மனுசன். உனக்கு மூணு நிமிசம் பொறுக்க முடியுல.

கரண்டு ஒயர எப்படி வேணா மடக்கலாம். கண்ணாடிய மடக்குனா? வெளிச்சம் மடக்குன எடத்துல வெளிய ஒழுகிரும், வாய்க்கா ஒடஞ்சாப்பல. கீழ்பவானி வாய்க்கா 200 கிலோமீட்டரு போவுது. நடுவால கரை ஒடஞ்சா கடைமடைக்காரன் வயலுல நின்னு வானத்தப் பாத்து என்ன பிரயோசனம்? போன வருசம் இட்டேரி வேப்பமரத்துக்கிட்ட அணிலு இதே லைனக் கடிச்சுப் போட்டுது. லைனுக்காரத் தம்பி பேனாவாட்ட ஒண்ணைச் சொருகுனான். கடிச்ச எடத்துல செக்கச்செவேல்னு ஒழுகுச்சு பாரு வெளிச்சம்! அத எட்டிப் பாக்கப் போனேன். "ஒயரு மொனைய மட்டும் கண்ணுக்கு நேராப் புடிக்காதீங்க தாத்தா, எப்பவும் வர்ற வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது, ஆனா கண்ணக் கெடுத்துரும்"னு தடுத்துட்டான். வெவரமான பையன்.

வெளிய கருப்பு ஒயரக் காத்தாலயே கம்பத்துல இருந்து சுவரு வரைக்கும் நடந்து பாத்துட்டேன். அணிலும் இல்ல, தென்ன மட்டையும் உழுவுல. எதுத்தூட்டுல நெட்டு ஓடுது, கேட்டுட்டும் வந்துட்டேன். அப்ப மிச்சம் என்ன? ஆசாரத்துக்குள்ள இருக்கற ஆறடி மஞ்ச ஒயரு. எந்திரி, வந்து பீரோவ ஒரு பக்கம் புடி.

ம்... இது என்ன கண்ணு? நேத்து ராத்திரி மீட்டிங்குல பின்னால ஒயரு அசிங்கமாத் தெரியுதுன்னு சொன்னியே, அதுக்கோசரம் பண்ணுன அலங்காரமா? நாலா மடிச்சு, ரப்பர் பேண்டுல இறுக்கிக் கட்டி, பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவால அமுக்கி வெச்சிருக்கறே. பூவரசம் பீப்பியக் கூட இப்படி அமுக்கறதில்ல. மெல்ல அவுரு. இழுக்காதே. சோத்து வட்டல் அளவுக்கு லொடலொடன்னு சுத்தி ஆணியில மாட்டு. உன்ற மேனேஜரு அதப் பாத்தா பாத்துட்டுப் போறாரு, அவரூட்டுல ஒயரே இல்லியா?

செவப்பு போயிருச்சா? பான் மினுங்குதா? மினுங்கட்டும், தொடாதே. அந்தப் பக்கமே பாக்காதே. மோர மிச்சம் வெக்காமக் குடி.

ஆ, நின்னுருச்சு பச்சை. போ, போய் மீட்டிங்கப் பாரு. அந்த ரப்பர் பேண்ட இங்க குடுத்துட்டுப் போ. தக்காளி வெதைப் பொட்டணம் கட்டறதுக்கு ஒண்ணு தேடிக்கிட்டிருந்தேன்.