மணல் மேனி, பீங்கான் உயிர்

கேள்வி: அமெரிக்கரின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கும் எங்கள் பீங்கான் தொழிலுக்கும் உறவு ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: உண்டு, மேனியால் பங்காளி, உயிரால் சம்பந்தி! வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்லின் கற்பனையில் உதித்து, 1953-இல் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் பெரும்பாலும் கைவேலையாகவே உருப்பெற்ற முதல் 300 வண்டிகளும், எஃகுத் தகட்டை விடுத்து, மணலை உருக்கி இழுத்த கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து வார்த்த சரீரத்தோடு, வெண்ணிறமே பூண்டு வெளிவந்தன. சௌந்தரியத்துக்கு ஈடான வேகம்தான் வாய்க்கவில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சின் தேடித்தந்த அந்த அபகீர்த்தியை 1955-இல் வந்த எட்டு சிலிண்டர் எஞ்சினும், ஸோரா ஆர்க்கஸ்-டன்டவ் என்ற பொறியாளரின் அயராத பிரயாசையும் துடைத்தன. அந்த எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக்கின் மின்சாரம் வழிதவறிக் கசியாமல் காத்து நின்றது, உங்கள் ஊர்ச் சரக்கைப் போலவே சூளையில் வெந்த வெண்பீங்கான்தான்.